முன்னாடி ஒரு ஜன்னல்

அத்தை வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிப்போன அன்று, நான் முதலில் செய்த காரியம் போனில் ஒரு குரூப் தொடங்கியது. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில் ஒரு சின்ன ஏரி. அதன் கரையை ஒட்டி ஒரே வரிசையாக வீடுகள். புறம்போக்கு, காலி செய்யுங்கள் என்றது நோட்டீஸ். எங்கே போவது என்று அதில் இல்லை. அத்தைக்குப் போக வேறு இடமும் இல்லை.

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ஆகவே குரூப்பில் விதிகள் போட்டேன். ஒன்று, அவரவர் வீட்டு முன் நின்று வீடியோ எடுத்து நெட்டில் போட வேண்டும். இரண்டு, அதன் கீழே எல்லோரும் #எங்கவீடு என்று போட வேண்டும். மூன்று, நடுவில் இடம் விடக் கூடாது. விட்டால் 'எங்க' உள்ளே நிற்கும், வீடு வெளியே போய்விடும். நான்கு, பூப்படத்தோடு காலை வணக்கம் கூடாது. நான்காவது விதி மறுநாள் காலையே செத்தது.

அத்தை போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, முன்னாடி ஜன்னலாட்டம் கீது?"

"அது ஹேஷ்டேக் அத்தே. தட்டினா எல்லாரு வீடியோவும் ஒண்ணா வரும்."

"அதான் ஜன்னல்னு சொல்றேன்."

ஜன்னல் அவளுக்குத் தீராத ஆசை. பின்பக்கச் சுவரில் அதற்காக விட்ட ஓட்டையைச் சாக்கு கட்டி மறைத்திருந்தாள். இடிக்கப் போகிற வீட்டுக்கு ஜன்னல் எதற்கு என்று இப்போது அதையும் தள்ளிப் போட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து #எங்கவீடு தட்டிப் பார்த்தேன். யாரோ கிரகப்பிரவேசம், யாரோ மாடித்தோட்டம், தவணையில் மனை விற்கிற ஒருவர். எங்கள் ஏரிக்கரையைக் காணவே இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. அத்தை பேசுகிறபடியே #எங்கவூடு என்று போட்டிருந்தாள். அவளைப் பார்த்து மொத்த வரிசையும் அப்படியே போட்டிருந்தது.

"அத்தே, வூடு இல்ல, வீடு."

பக்கத்து வீட்டு அக்கா முந்திக்கொண்டாள். "வுடுக்கா, அது ஏனாத்தூர் காலேஜ்ல படிச்ச புள்ள. அதுங்கல்லாம் வீட்ல இருக்கும். நாம வூட்லதான கீறோம்?"

திருத்தச் சொல்லி குரூப்பில் நீளமாக எழுதினேன். அனுப்பும் முன் #எங்கவூடு ஒரு முறை தட்டினேன். திறந்ததும் அத்தை நின்றாள். அடுத்து பக்கத்து வீட்டு அக்காவும் அவள் வளர்க்கிற ஆடும். பிறகு கரை முழுக்க எங்கள் ஆட்கள். மனை விற்பவர் இல்லை. எழுதியதை அழித்தேன்.

அதற்குப் பிறகு செங்கல்பட்டுப் பக்கம், சென்னையில் ஆற்றோரம் என்று, நோட்டீஸ் வாங்கிய யார் யாரோ தங்கள் வூட்டையும் அதில் போட்டார்கள். டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு வந்து, "எங்கள் வீடு..." என்று ஆரம்பித்தாள். அத்தை தடுத்தாள்.

"வூடுன்னு சொல்லும்மா. வீடுன்னா மனை விக்கறவன் வந்துடுவான்."

அது டிவியில் வந்த பிறகுதான் தாலுகா அதிகாரி வந்தார். பக்கத்திலேயே மாற்று இடம் காட்டாமல் யார் வீட்டையும் தொட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் போனபோது சாக்கு இல்லை. கம்பி போட்ட ஜன்னல் இருந்தது.

"எப்படியும் ஒரு நாள் மாறணுமே அத்தே?"

"மாறும்போது பேத்து எடுத்துக்கினு போறேன். அதுவரிக்கும் காத்து வேணாமா?"

படம் எடுத்துப் போட்டேன்.

"முன்னாடி ஜன்னல் போட்டியாடி?"

"போட்டேன். வூடும் போட்டேன்."