ஒரு காமினும் ஒரு குசினியும்

"அக்கா, வென்டட் போலாமா, வென்ட்லெஸ் போலாமா? உங்க வீட்லதான் ஏற்கெனவே இருக்கே... சொல்லுங்க."

போன சனிக்கிழமை வால்டோர்ஃபிலிருந்து கவிதா போன் பண்ணினாள். தமிழ்நாட்டுப் பெண். அவளும் கணவரும் மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள். புது வீடு வாங்கியிருக்கிறார்கள். ஹாலில் கேஸில் எரியும் கணப்படுப்பு ஒன்று வைக்க ஆசையாம். ஜெர்மன்காரர்கள் அதைக் 'காமின்' என்பார்கள். இங்கே இருந்து இருந்து நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

வென்டட் என்றால் எரிந்த வாயு குழாய் வழியே வெளியே போய்விடும். வென்ட்லெஸ் என்றால் குழாயே கிடையாது. எரிந்து வருவதெல்லாம் அறைக்குள்ளேயே தங்கும்.

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். "யோசிச்சுச் சொல்லுறன் கவிதா" என்று வைத்துவிட்டேன். யோசிக்க யோசிக்க, கோபம்தான் வந்தது.

எங்கள் வீடு பீலெஃபெல்டில், பழைய வீடு. வாங்கும்போது கணவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று — குசினியில், சமையல் புகையை வெளியே தள்ளும் ஒரு நல்ல புகை உறிஞ்சி. அடுப்புக்கு மேலே மாட்டி, சுவரில் ஓட்டை போட்டு, குழாயை வெளியே விடவேண்டும். அவ்வளவுதான்.

இது பெரிய ஆசையா? வாடகை வீட்டில் மிளகாய் வறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்மாடிக்காரர் கதவைத் தட்டுவார். வேலைக்குப் போடும் கோட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி, படுக்கையறை அலமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் தாளிக்கவே தொடங்குவேன். இந்தப் பத்தியை வாசிக்கிற எத்தனை பேர் அப்படிச் செய்திருக்கிறீர்கள்? அப்படியும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழுந்து வேறு சீட்டுக்குப் போவார்...

கணவர் மறுக்கவில்லை. சுவரில் ஓட்டை விழுந்தது. வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. குசினிக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் இல்லாத வீடு அது. ஆனாலும் நான் கணவாய் மீன் பொரித்தால் ஹாலில் இருப்பவருக்குத் தெரியாது. சில வருஷம் நிம்மதியாகச் சமைத்தேன்.

பிறகு அமெரிக்காவிலிருந்து பெரியத்தான் வந்தார். கணவரின் மூத்த அண்ணன்.

"வீடு வடிவாத்தான் இருக்கடா. ஆனா ஒரு காமின் இல்லாட்டி என்ன வீடு?" என்று தன் வீட்டு வீடியோவைக் காட்டினார். "எங்கட வீட்டில குழாயும் இல்லை, கிழாயும் இல்லை. சுவரில கொழுவி, பட்டனை அமத்தினாச் சரி. சூடு ஒரு பொட்டும் வெளியில போகாது."

அண்ணன் சொன்னால் என் கணவருக்கு மறுபேச்சு இல்லை. அடுத்த வாரமே, புகைபோக்கிகளைப் பரிசோதிக்கும் அதிகாரியைக் கூப்பிட்டார். ஜெர்மனியில் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் வீட்டுக்குள் ஒரு நெருப்பும் மூட்ட முடியாது. கறுப்பு உடுப்பில் வந்தவர் ஒரு பெண்மணி. விஷயத்தைக் கேட்டதும் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"குழாய் இல்லாத கேஸ் காமினை இங்கே அனுமதிக்க முடியாது. எரிந்த வாயு வெளியே போயே ஆகவேண்டும்."

பெரியத்தான் போனில் சிரித்தார். "அங்க மூச்சு விடவும் பெர்மிஷன் எடுக்க வேணுமடா!"

சரி, வென்டட் என்று முடிவானது. கடைக்குப் போனோம். அதிலும் இரண்டு வகை இருந்தது. ஒன்று, எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்தே தன் குழாயால் இழுத்து, வெளியிலேயே விடும். கண்ணாடி இறுக்க மூடியிருக்கும். அறைக் காற்றோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் வெளிச்சுவரில் ஓட்டை போடவேண்டும். மற்றது, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பழைய புகைபோக்கியிலேயே மாட்டுவது. அது அறைக் காற்றில் எரியும்.

"முதலாவதை எடுப்பமப்பா" என்றேன்.

"இப்பதான் வெளிச்சுவர் பூசி முடிச்சது. திரும்ப ஓட்டை போட ஏலாது" என்றார். பிறகு, கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், "உமக்கு ஒரு ஓட்டை போட்டது காணாதே?" என்றார்.

நான் கடைக்காரரிடம் ஜெர்மனில் கேட்டேன்: "ஒரே அறையில் என் புகை உறிஞ்சியும் ஓடும். பிரச்சினை வராதா?"

"தீர்க்கக்கூடியதுதான்" என்றார் அவர். யாரை வைத்துத் தீர்ப்பார்கள் என்று சொல்லவில்லை.

காமின் வந்தது. ஒப்புதல் கொடுக்க அந்தப் பெண்மணி மறுபடி வந்தார். விளக்கினார். புகை உறிஞ்சி ஓடும்போது அறைக் காற்றை எல்லாம் இழுத்து வெளியே தள்ளுமாம். ஜன்னல்கள் மூடியிருந்தால், அந்த இடத்தை நிரப்பக் காற்று புகைபோக்கி வழியாகக் கீழே இறங்குமாம். அதோடு காமினின் நச்சு வாயுவும் அறைக்குள் வருமாம். கார்பன் மோனாக்சைடு. மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஆகவே ஜன்னலில் ஒரு சின்ன வெள்ளைக் கருவி பொருத்தப்பட்டது. சட்டகத்தில் ஒரு துண்டு, கதவில் ஒரு காந்தம். காந்தம் பக்கத்தில் இல்லையென்றால் ஜன்னல் திறந்திருக்கிறது என்று கருவி எடுத்துக்கொள்ளும். ஜன்னல் திறந்திருந்தால்தான் இனிப் புகை உறிஞ்சி ஓடும். கூடவே, வாயு கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்றையும் சுவரில் மாட்டச் சொன்னார்.

எல்லாம் சரி. எல்லாம் பாதுகாப்பு. ஆனால் ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்திருக்கிறீர்களா?

ஹாலில் நெருப்பு. குசினியில் பனிக்காற்று. நான் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு கறி கிளறினேன். சோபாவிலிருந்து கணவரின் குரல் வரும்: "ஜன்னலைச் சாத்துமன், இஞ்சால குளிருது!"

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, விருந்தாளிகள் வந்தார்கள். காமின் முன்னால் நின்று படமெடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார் கணவர். பின்னால் அடுப்படியில் நான், ஜாக்கெட்டும் தொப்பியுமாக. அமெரிக்காவிலிருந்து ஒரு மருமகள் எழுதினாள்: "அன்ரி எங்க வெளிக்கிட்டுப் போறா?"

எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தோம். பான் நகரில் படிக்கும் எங்கள் மகள் டிலானி வந்திருந்தாள். அவளுக்கு நான் பொரிக்கிற ரோல்ஸ் பிடிக்கும். எண்ணெய்யை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். கணவர் தடுத்தார்.

"திறக்கத் தேவையில்லை. நான் சரி பண்ணிட்டன். இப்ப சாத்தியிருந்தாலும் ஓடும்."

சுவிட்சைத் தட்டினேன். ஓடியது! எனக்குக் குளிர்கிறது என்று இவர் கவனித்திருக்கிறாரே... ஆரையோ கேட்டு, ஏதோ செய்திருக்கிறாரே... உண்மையைச் சொன்னால், கண் கலங்கிவிட்டது. பெரிய ரோல்ஸாகப் பார்த்து அவருக்கு எடுத்து வைத்தேன்.

ஹாலில் எரிந்துகொண்டிருந்த காமின் தானாக அணைந்தது. கணவர் ரிமோட்டால் மறுபடி மூட்டினார். மறுபடி அணைந்தது. "கேஸ் சரியா வருதில்லைப் போல" என்று முணுமுணுத்தபடி மறுபடி மூட்டினார்.

"அம்மா, தலை இடிக்குது" என்றாள் டிலானி சோபாவில் இருந்தபடி.

அப்போது அலாரம் கத்தியது.

"உது உம்மட பொரியல் புகைக்குக் கத்துது" என்று கணவர் கதிரையில் ஏறி அதைக் கழற்றப் போனார். டிலானி எழுந்தாள். கால் மடிந்து மறுபடி இருந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அடுப்பை அணைத்தேன், ஜன்னலைத் திறந்தேன், அவளைத் தோளில் சாய்த்து வெறும் காலோடு பனிக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "நீங்களும் வெளியில வாங்கோ!" என்று நான் கத்திய கத்தலில்தான் அவர் கதிரையை விட்டு இறங்கினார்.

தீயணைப்புப் படைக்கு போன் பண்ணியதும் நான்தான். வந்தார்கள். டிலானியை ஆம்புலன்ஸில் ஏற்றி ஒட்சிசன் கொடுத்தார்கள். ஒருவர் அளவுக் கருவியோடு வீட்டுக்குள் போய் வந்தார். ஆபத்தான காற்று வந்தால் அந்தக் காமின் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளுமாம். அணைந்ததை மூட்ட மூட்ட ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வாயு அறைக்குள் வந்திருக்கிறது.

பிறகு அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஜன்னலைக் காட்டினார். காந்தம் இருந்த இடத்தில் வெறும் பசைத் தடம். ஜன்னல் திறந்திருக்கிறது என்று புகை உறிஞ்சி ஏமாந்திருக்கிறது.

"இதைக் கழற்றியது யார்?"

கணவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்நியர் முன்னால் அவரைத் தனியே நிற்க விட எனக்கு மனம் வரவில்லை.

"நாங்கள்" என்றேன்.

டிலானி மறுநாள் வீடு வந்துவிட்டாள். கடவுள் புண்ணியம், பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நான் அவளுக்கு சூப் வைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் கணவர் அமெரிக்காவோடு பேசுவது கேட்டது.

"ஒண்டுமில்லை அண்ணை... இவ ஜன்னலைச் சாத்திப்போட்டு ரோல்ஸ் பொரிச்சவ. அதால வந்தது."

கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். பெரியத்தானின் மனைவியிடமிருந்து அன்றே குரல் பதிவு வந்தது: "பிள்ளை வீட்டில நிக்கேக்க கொஞ்சம் கவனமா இருக்க வேண்டாமே?" அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நாலு பேர் கையைப் பிடித்து விசாரித்தார்கள். பொரியலைக் குறைக்கச் சொன்னார்கள்.

காமினுக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார் கறுப்பு உடுப்புப் பெண்மணி. திறக்க இரண்டு வழி சொன்னார். ஒன்று, அந்த இறுக்க மூடிய காமினுக்கு மாறுவது. மற்றது, என் புகை உறிஞ்சியைக் கழற்றுவது.

எதைச் செய்திருப்பார்கள் என்று கேட்கவா வேண்டும்?

என் ஓட்டையை அடைத்தார்கள். வெளியே பூசி, வர்ணமும் அடித்தாயிற்று. இப்போது அடுப்புக்கு மேலே தொங்குவது புகையைக் கரி வடிகட்டிக்குள் இழுத்து, அறைக்குள்ளேயே திருப்பி விடுகிற சாமான். வீட்டுக்குள் வென்ட்லெஸ் கூடாது என்ற சட்டம் காமினுக்குத்தான். குசினிக்கும் அங்கே நிற்பவளுக்கும் யாரும் சட்டம் எழுதவில்லை.

இதைக்கூட விட்டிருப்பேன். போன மாதம் டிலானி போனில் சொன்னாள்: "ஈஸ்டருக்கு வாறன் அம்மா. ஆனா நான் நிக்கேக்க ஒண்டும் பொரிக்காதேங்கோ, பிளீஸ்."

அவளும் நம்பியிருக்கிறாள்!

ரயிலேறி பான் போனேன். அவள் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஏன் 'நாங்கள்' எண்டு சொன்னனீங்கள்?"

"ஆக்களுக்கு முன்னால அப்பாவை எப்பிடிப் பிள்ளை விட்டுக்குடுக்கிறது?"

"அவர் உங்களை விட்டுக்குடுத்தவர்தானே."

வீடு வந்து கணவரிடம் கேட்டேன்: "அண்ணைக்கு உண்மையைச் சொல்லுவீங்களோ?"

"முடிஞ்ச கதையை ஏன் இப்ப கிண்டுறீர்?" என்று ரிமோட்டை எடுத்தார்.

முடிந்தால் சரி. ஆனால் ஒன்று — பெரியத்தான் இந்தப் பத்தியைக் கிழமை தவறாமல் வாசிக்கிறவர்.

பெரியத்தான், காந்தத்தைக் கழற்றியது நான் இல்லை.