தமிழ்மணி எழுதிய பிராது

எங்கள் அப்பா கடலைக் கொல்லையில் களையெடுக்கக் கூப்பிட்டபோதெல்லாம் எனக்கு வயிற்று வலி வந்துவிடும். வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லித்தான் விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்கு வேலைக்கு வந்தேன். அப்படிப்பட்ட கோதண்டபாணியாகிய நான், நாற்பத்திரண்டு வயதில் செல்போனுக்குள் தக்காளி பயிரிட்டு, டீ குடிக்கிற நேரத்திலும் அதற்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? என் மனைவி அன்புக்கரசி நம்பினாள். என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள்.

ஆரம்பித்து வைத்தது என் மகள் தமிழ்மணி. நாலாம் வகுப்பு. பெயரில் இருக்கிற தமிழ் பரீட்சைத் தாளில் இல்லை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் டீச்சர் செல்வநாயகி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாசிக்குதுங்க, பாத்து எழுதுது. சொந்தமா நாலு வரி எழுதச் சொன்னா மட்டும் பென்சிலக் கடிச்சிகினு உக்காந்திருக்குது. வூட்ல போன் குடுக்கறீங்களா?"

"ஏதோ தோட்டம் போடுற வெளையாட்டுங்க டீச்சர்."

"இப்பவே புடிக்கலன்னா அஞ்சாவதுல திண்டாடிப் போயிடும். பாத்துக்குங்க."

நான் எட்டாவதோடு நின்றவன். பட்டறையில் ஒரு லீவு லெட்டர் எழுதவும் அடுத்தவனைத் தேடுகிறவன். இவளும் என்னைப் போல் ஆகிவிடுவாளோ என்று நிஜமாகவே பயந்துபோனேன். அன்றைக்கே போனைப் பிடுங்கினேன்.

"என் தக்காளி வாடிடும்ப்பா" என்று அழுதாள்.

பாவமாக இருந்தது. ஒரே ஒரு தடவை நானே தண்ணீர் விடுகிறேன் என்றேன். மூன்றாம் நாள் மாடு வாங்கினேன். ஒரு மாதத்தில் இருபத்தெட்டாவது லெவல். தமிழ்மணி நோட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், "இரு, அறுவடை" என்பேன். நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

அரையாண்டிலும் அதே மார்க். போன் என்னிடம் இருக்கிறது, பிள்ளை இன்னும் எழுதவில்லை. என் அறிவுக்கு எட்டியது ஒன்றுதான்: விளையாட்டு அவள் மனசை விட்டுப் போகவில்லை. கொளஞ்சியப்பரிடம் பிராது கொடுத்துவிட வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு குறை என்றால் மணவாளநல்லூர் முருகன் கோயிலுக்குப் போய், அதைத் தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் காலடியில் வைத்து வாங்கி, காவல் தெய்வம் முனியப்பர் முன்னால் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வருவோம். அப்புறம் அது அவர் பாடு. ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். என் கையெழுத்து கடவுளுக்கே புரியாது என்பதால் தமிழ்மணியை எழுதச் சொன்னேன்.

"என்னைப் படிக்கவிடாத செல்போன் வெளையாட்ட வெலக்கணும்னு எழுது."

அவள் பென்சிலைக் கடித்தாள். "நானா சொந்தமா எழுதட்டுமாப்பா?"

"எழுது, எழுது." போனில் முட்டைக்கோஸ் முற்றிக்கொண்டிருந்தது. நான் தலை நிமிரவில்லை. முதலில் நோட்டில் எழுதிப் பார்த்து, பிறகு தாளில் எழுதிக் கொடுத்தாள். படிக்காமலே மடித்துக் கட்டிவிட்டு, கடமை முடிந்த நிம்மதியோடு பஸ் ஏறினேன்.

மூன்றே வாரம். பட்டறையில் எனக்கு அச்சு வேலை. களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, ஓரத்தில் மட்டும் படிந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். அப்போதுதான் பொம்மை உள்ளே கூடாக இருக்கும். அன்றைக்குக் கரைசலை ஊற்றிவிட்டுத் தக்காளி பறிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நாற்பது பிள்ளையாரும் உள்ளே கெட்டிப்பட்டிருந்தார்கள். சூளைக்குப் போனால் வெடித்துவிடுவார்கள்.

முதலாளி ராஜாங்கம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்ப்பா, இது புள்ளையாரா, கொழவிக்கல்லா?"

என்னைப் பொம்மைக்கு வைக்கோல் சுற்றும் வேலைக்கு மாற்றினார். தினமும் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார். பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் என் தோட்டம் நாலே நாளில் காய்ந்தது.

"பிராது குடுத்தது அவளுக்காக. தண்டனை எனக்கா?" என்று வீட்டில் புலம்பினேன். தமிழ்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்புக்கரசி அவளுடைய ரஃப் நோட்டை என் முன்னால் பிரித்துப் போட்டாள்.

"கொளஞ்சியப்பருக்குத் தமிழ்மணி எழுதுவது. எங்க அப்பா போன்ல தக்காளி போடுராரு. அது என் தக்காளி. நான் நோட்டு எடுத்துகிட்டு போனா இரு அருவடை என்கிறார். எனக்குக் கட்டுரை சொல்லித்தர அவருக்கு நேரம் இல்லை. போனை அவரிடமிருந்து வாங்கி வைக்கவும். எனக்குத் திரும்பத் தரவேண்டாம். அப்பாவைத் தந்தால் போதும்."

நாலு வரி எழுத வராத பிள்ளை எட்டு வரி எழுதியிருந்தாள். இரண்டே இரண்டு பிழை. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் பட்டேன். கண் கலங்கியதை இருமி மறைத்தேன்.

கேட்டது கிடைத்துவிட்டால் பிராது கொடுத்தவரே போய் அதை வாபஸ் வாங்க வேண்டும். குற்றவாளி போய்க் கேட்க முடியாது.

"நாளைக்குப் போயி வாபஸ் வாங்கிடலாமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

தமிழ்மணி நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முழுப்பரிச்ச முடியட்டும்ப்பா. அதுவரைக்கும் எப்டி இருக்கீங்கன்னு பாக்கறேன்."