வார்ஃபரின் கிளினிக்கும் முருங்கைக்கீரையும்

மணியத்தோட விரல் நுனியில ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷின்ல வச்சேன். 7.6 காட்டிச்சு. இன்னொரு விரல்ல குத்திப் பார்த்தேன், அதேதான். எதிர்ல அவரு மூக்குல துண்டை அழுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. "காலையிலேர்ந்து ரத்தம் நிக்கவே மாட்டேங்குது மிஸ். தலை வேற வலிக்குது"ன்னாரு.

நான் மலேசியாவுல, ஜொகூர்ல அரசாங்க ஆஸ்பத்திரி ஃபார்மசிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவ. கடைசிப் பத்து வருஷம் வார்ஃபரின் கிளினிக். இதயத்துல உலோக வால்வு வச்சவங்க ஆயுசு முழுக்க அந்த மருந்தைச் சாப்பிடணும், இல்லேன்னா வால்வுல ரத்தம் கட்டிக்கும். மருந்து எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஐஎன்ஆர் நம்பர் சொல்லும். மணியத்துக்கு அது ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல இருக்கணும். குறைஞ்சா பக்கவாதம், ஏறினா மூளையிலகூட ரத்தம் கசியலாம். சர்ஜன் ஆப்பரேஷனை முடிச்சிட்டுப் போயிடுவாரு லா, மிச்சமெல்லாம் எங்க தலையிலதான்.

கீரை இந்த மருந்தோட வேலையைக் கெடுக்கும், நம்பர் இறங்கிடும். அதுல நான் ரொம்பக் கறார். கீரை சாப்பிட்டேன்னு யாராவது சொன்னா, வெளியில உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி ஏசுவேன். எனக்குக் 'கீரை போலீஸ்'னு பேரு வச்சிருந்தாங்க. கேள்விப்பட்டப்போ கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

மணியம் குளுவாங்ல செம்பனை எண்ணெய்ப் பழம் ஏத்துற லோரி ஓட்டுறவரு. ஆப்பரேஷன் முடிஞ்சு மாசக்கணக்காகியும் அவர் நம்பர் ரெண்டைத் தாண்டல. கீரை சாப்பிட்டீங்களான்னா, சாமி சத்தியமா இல்லைம்பாரு. கூட வர்ற மனைவி பார்வதி மடியில இருக்கிற பையையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நான் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ஒன்பது மில்லிகிராம்ல கொண்டுபோய் நிறுத்தினேன். நம்பர் சரியாச்சு. எல்லாம் என் கெட்டிக்காரத்தனம்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்ப அதே மருந்து, அதே ஆளு, 7.6. ஒரு வேளைகூட அதிகமாப் போடலைன்னாரு. மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரியா இருந்துச்சு. வேற என்ன மாறிச்சுன்னு கேட்டேன். மகள் பிரசவத்துக்காகப் பார்வதி பொந்தியான் போய் மூணு வாரமாச்சாம், இவருக்குக் கடைச் சாப்பாடுதானாம்.

டாக்டர் உடனே வார்டுல சேர்த்து, வார்ஃபரினை நிறுத்தி, தலைக்கு ஸ்கேன் எழுதினாரு. எதிர்மருந்தையும் அள்ளிக் கொடுத்துட முடியாது, வால்வு அடைச்சுக்கும். கொஞ்சூண்டுதான் கொடுத்தாரு.

மத்தியானம் பார்வதி பொந்தியான்லேர்ந்து ஓடி வந்தாங்க. ஸ்கேன் ரூம் வாசல்ல பிடிச்சு, வீட்டுல என்ன சமைச்சுக் கொடுத்தீங்கன்னு கேட்டேன். அழுதுக்கிட்டே சொன்னாங்க. நெஞ்சைப் பிளந்து ஆப்பரேஷன் செஞ்சதுல இருந்த ரத்தமெல்லாம் போயிருக்கும்னு அவங்களுக்குப் பயம். ரத்தம் ஊறட்டும்னு தினமும் ரெண்டு கைப்பிடி முருங்கைக்கீரையை அரைச்சுக் குழம்புல ஊத்தியிருக்காங்க. அவரு கொத்தமல்லின்னு நினைச்சுச் சாப்பிட்டிருக்காரு.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"முதல் நாளே சொல்லத்தான் வந்தேன் மிஸ். எங்களுக்கு முன்னாடி போனவரை நீங்க ஏசுன ஏச்சைக் கேட்டு வாயை மூடிக்கிட்டேன்."

எனக்குக் கூசிப்போச்சு. தினமும் உள்ள போன கீரைக்கு எதிரா நான் மருந்தை ஏத்திக்கிட்டே இருந்திருக்கேன். கீரை நின்னுச்சு, மருந்து மட்டும் அதே அளவுல தொடர்ந்துச்சு. "தப்பு என் மேலதான்மா"ன்னு சொல்லிட்டு அவங்க பக்கத்துலயே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு, மூளையில ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதோம்.

நாலு நாள்ல நம்பர் இறங்கிச்சு. கீரையை விடச் சொல்லல. வாரத்துல ரெண்டு நாள், ஒரே அளவு, கூடக் குறைய வேணாம்னேன். அதுக்கேத்த மாதிரி மருந்தைக் குறைச்சேன். அதுலேர்ந்து எந்த நோயாளி வந்தாலும் என் முதல் கேள்வி, "வீட்டுல யாரு சமைக்கிறது?" சமைக்கிறவங்களையும் உள்ள கூப்பிட்டு உட்கார வச்சுத்தான் பேச்சு. குரலும் இறங்கிடுச்சு. புதுசா வேலைக்கு வந்த பிள்ளைங்களுக்கு நான் சொன்னதும் இதுதான்: நம்பரைத் திட்டுறதுக்கு முன்னாடி அது ஏன் வந்துச்சுன்னு தன்மையாக் கேளுங்க.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள், நான் மெஷினைத் தொடறதுக்குள்ளயே பார்வதி முந்திக்கிட்டாங்க. "மிஸ், போன வாரம் தண்டுக்கீரை மலிவாக் கிடைச்சுச்சு. நாலு நாள் சமைச்சிட்டேன்."

மணியத்துக்குக் குத்திப் பார்த்தேன், 2.3. குறைவுதான். ஆனா அந்தக் கிளினிக்ல எனக்குக் கிடைச்சதுலயே நல்ல ரிசல்ட் எதுன்னு கேட்டா, நான் அதைத்தான் சொல்லுவேன்.