பதிவாகாத சிவப்பு

ஷமீமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் அவளுக்கு வேலை. யார் கார்டைத் தட்டினால் கேட் திறக்கும், யாருக்குத் திறக்காது என்று முடிவுசெய்யும் புரோகிராமை அவளும் மோசஸும்தான் கவனித்துவந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது கேட்டுக்குப் போகும்.

2007 மழைக்காலத்தில், வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்ட ஒப்பந்தத் தொழிலாளிகளின் கார்டுகளைக் கம்பெனி முடக்கியது. வெளியே போ என்று ஒருவரும் சொல்லவில்லை, அதுதான் சாமர்த்தியம். கொஞ்ச நாள் போனால், அவர்களாகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள் என்று கதையை முடித்துவிடலாம். அவர்களில் ஒருத்தி கெங்கம்மாள், புதுவாயல்காரி, ஷமீமாவின் அறையைப் பெருக்கித் துடைத்தவள். கேட்டருகே அவள் அழுதுகொண்டு நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல் ஷமீமா சொல்லிவிட்டாள்: தினமும் வந்து கார்டைத் தட்டுங்கள், சிவப்பு எரிந்தால் எரியட்டும், நீங்கள் வந்ததும் உங்களை விடாததும் உள்ளே பதிவாகும், கோர்ட்டில் அதுவே சாட்சி. அன்றிலிருந்து கெங்கம்மாள் ஒரு நாளும் தவறவில்லை.

இது யார் காதுக்குப் போனதோ, ஒரு நாள் காலை மோசஸ் எழுதிய மாற்றம் ஒன்று ஷமீமாவின் பார்வைக்கு வந்தது. அதுவரை புரோகிராம் முதலில் மறுப்பைப் பதிவுசெய்யும், பிறகு சிவப்பைக் காட்டும். மோசஸ் அந்தப் பதிவு வரியைக் கீழே நகர்த்தியிருந்தான். முடக்கிய கார்டு என்றால், சிவப்பைக் காட்டியதோடு வேலை முடிந்துவிடும். அந்த வரி வரைக்கும் போகவே போகாது. தேவையற்ற பதிவுகளைக் குறைப்பதற்காம். படித்த ஷமீமா ஒப்புதல் கொடுக்கவில்லை. முடக்கிய கார்டின் மறுப்பும் பதிவாக வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினாள்.

மோசஸ் எழுந்து அவள் மேஜைக்கே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"தப்புன்னு எனக்குத் தெரியாதா ஷமீமா? மேல உக்காந்துகினு இருக்கறவங்க சொல்றாங்க. நீ ஓகே பண்லன்னா உன்னைத் தூக்கிட்டு வேற ஆளை வெச்சு பண்ணிப்பாங்க."

வேலை போனால் இன்னொன்று தேடலாமே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். பழவேற்காட்டில் வியாபாரம் செய்யும் அவள் வாப்பா ஹனீப், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டு அவளை வேலைக்கு அனுப்பியதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். ஆபீஸில் ஏதாவது பேஜாரு என்று காதில் விழுந்தால், அன்றோடு அவள் வீட்டிலேயே இருந்துகொள்ள வேண்டும். அக்கா நாஜியா அந்த வீட்டுச் சுவர்களுக்குள் எப்படிப் பேச்சற்றுப் போனாள் என்று கூடவே இருந்து பார்த்தவள் ஷமீமா.

மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிப் பார்த்தாள். மோசஸ் அனுப்பியதை முடித்துவிட்டுப் போ என்றார் மேனேஜர். மாலையில் கம்பெனி வேன் கிளம்பும் முன் ஒப்புதலை அழுத்தினாள். தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை மழையில் கெங்கம்மாள் நின்றிருந்தாள். நனைந்த கார்டை முந்தானையில் துடைத்துத் தட்டினாள். சிவப்பு எரிந்தது. திருப்தியோடு ஷமீமாவைப் பார்த்தாள்.

"ஜொரம் கொளுத்துது பாப்பா. ஒரு நாளு உட்டாலும் கேஸு நிக்காதேன்னு எழுந்து வந்துட்டேன். இன்னிக்கும் எழுதிக்கினு இருக்கும் இல்ல?"

காவலாளி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஷமீமா தன் கார்டைத் தட்டினாள். கேட் திறந்தது.