சந்தனப் பொட்டுக்குக் கீழே இருந்த வருடம்

என் தங்கை தேவி பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் சாகக் கிடந்தாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோனவள் நான். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் மாரியம்மன் எனக்குச் செய்த உதவியை மூடி மறைத்தவள் ஆவேன். ஏற்கெனவே ஒரு முறை மறைத்தேன். அந்த வெட்கத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஈப்போ புந்தோங்கில் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். வரிசையில் யாராவது குறுக்கே நுழைந்தால் முதலில் கேட்கிற குரல் என்னுடையதுதான். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். அங்கே பாதுகாப்புக் குழுவில் நானும் ஒருத்தி. தீப்பயிற்சி நடந்தால் பச்சை மேல்சட்டை மாட்டி, விசில் ஊதி, எல்லாரையும் வெளியே விரட்டித் தலை எண்ணுவேன். கைப்பையை எடுக்க ஒருத்தி திரும்பினாலும் அவளைக் கிழித்துத் தொங்கவிடுவேன். அப்படிப்பட்ட பரமேஸ்வரி வீட்டில் என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

பதினொரு வருடத்துக்கு முன்பு தொழிற்சாலையில் பாதுகாப்பு வாசகப் போட்டி வைத்தார்கள். எனக்கு முதல் பரிசு. பரிசாக ஓர் அலாரம் கொடுத்தார்கள். புகை வந்தாலும் கத்தும், கார்பன் மோனாக்சைடு வந்தாலும் கத்தும் என்றார்கள். கார்பன் மோனாக்சைடு என்பது கரி எரியும்போது வரும் விஷவாயு. கண்ணுக்குத் தெரியாது, வாசமும் கிடையாது. அந்த அலாரத்தைப் பெருமையோடு படுக்கையறைச் சுவரில் மாட்டினேன்.

ஆயுத பூசை வந்தால் மோட்டார் சைக்கிள், தையல் மிஷின், ரைஸ் குக்கர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பேன். இதையும் விடவில்லை. அதன் பக்கவாட்டில் சின்ன வெள்ளைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. பொட்டு வைக்க வாகான இடம். மாட்டிய வருடத்திலிருந்து சந்தனமும் குங்குமமும் அதே இடத்தில்தான்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் நாற்காலியில் ஏறி அதன் பொத்தானை அழுத்துவேன். உடனே கத்தும். திருப்தியோடு இறங்குவேன். முன்பெல்லாம் வீட்டில் சாம்பிராணி போட்டாலே அது ஊரைக் கூட்டும், துண்டால் விசிற வேண்டும். கடைசி சில வருடங்களாகச் சாம்பிராணிக்கு அது வாயே திறக்கவில்லை. "பாத்தியா, அதுக்கும் பக்தி வந்துருச்சு" என்று தேவியிடம் தமாஷ் பண்ணியிருக்கிறேன். புகையைக் கண்டுபிடிக்கும் சக்தி அதற்குப் போய்விட்டது என்று என் மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் அது நிமிடத்துக்கு ஒரு தரம் கீச்சிட ஆரம்பித்தது. பேட்டரி மாற்றினேன், நிற்கவில்லை. பொத்தானை அழுத்தினால் இரண்டு நாள் சும்மா இருக்கும், மறுபடியும் கீச்சிடும். தேவியின் கணவர் குமரேசன் தங்கமான பிள்ளை. அவர் அப்போதே சொன்னார்.

"அக்கா, பேட்டரி மாத்தியும் கத்துதுன்னா சாமான் பழசாயிருச்சுலா. நான் வேற வாங்கியாறேன்."

"பட்டன அமுத்துனா கத்துதா இல்லியா தம்பி? அப்புறம் என்ன பழசு? பரிசா கெடச்ச சாமான் இது. பாதுகாப்பப் பத்தி எனக்கே நீங்க சொல்றீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

எங்கள் அம்மா காலமாகிவிட்டதால் தேவிக்குப் பத்தியம் பார்ப்பது என் பொறுப்பானது. லீவு போட்டு, என் வீட்டில் அலாரம் மாட்டிய அறையிலேயே அவளைப் படுக்க வைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் தலைக்கு ஊற்றினேன். வெளியே ஈப்போவின் வழக்கமான அடைமழை. பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று கண்ணாடி ஜன்னல்களை இழுத்து மூடினேன். கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தேன். கரிச்சட்டியில் நெருப்பு போட்டு, சாம்பிராணி தூவி, பிள்ளைக்குக் கொஞ்சம் காட்டிவிட்டு அவனைக் கூடத்துக்குத் தூக்கி வந்தேன். தேவி கட்டிலில் படுத்துத் தலைமுடியைக் காயவைத்தாள். சாம்பிராணி தீர்ந்த பிறகும் கரி கனிந்துகொண்டிருந்தது. இடுப்புக்குச் சூடு நல்லது என்று சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

எங்கள் அம்மாவும் இப்படித்தான் கரிச்சட்டி வைத்துக்கொண்டார். ஆனால் அது தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்தில் எஸ்டேட்டுப் பலகை வீடு. பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி இருக்கும், வாயு தானாக வெளியே போய்விடும். என் வீடு சிமெண்டுச் சுவர், கண்ணாடி ஜன்னல். இருந்த ஒரே இடைவெளியையும் நான் துண்டு வைத்து அடைத்துவிட்டேன்.

நடுவில் தேவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, தல ரொம்ப வலிக்குதுக்கா."

"பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். பேசாம படு."

நான் எழுந்துகூடப் போகவில்லை. பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அலாரம் சுவரில் சும்மா இருந்தது. அது சும்மா இருந்ததால் நானும் சும்மா இருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கஞ்சி கொண்டுபோனேன். தேவி கட்டிலிலிருந்து விழுந்து தரையில் கிடந்தாள். தலையணையெல்லாம் வாந்தி. கூப்பிட்டால் கண் சொருகியது. கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்கிக் காரில் போட்டார். பிள்ளையை அவனைச் சுற்றியிருந்த துண்டோடு வாரிக்கொண்டு நானும் ஏறினேன். வேலையிடத்திலிருந்து குமரேசன் நேரே மருத்துவமனைக்கு வந்தார்.

தேவியின் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார்கள், ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகக் காட்டியது. அந்த வாயு அந்தக் கருவியையே ஏமாற்றிவிடுமாம், பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரத்தப்போக்கா, ஜன்னியா என்று டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, வீட்டில் ஏதாவது எரித்தீர்களா என்று மலாயில் கேட்டார்.

கரி என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. தொழிற்சாலையில் மூடிய அறையில் எதையும் எரிக்கக்கூடாது என்று புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். பக்கத்தில் குமரேசன் நின்றார். என் முகத்தையே பார்த்தார்.

"தாக் அடா, டாக்டர்" என்றேன். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

என் கௌரவத்துக்காக என் தங்கையின் உயிரை வைத்து விளையாடினேன். இதைவிடச் சின்னதாக அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

நடைவழியில் சுவரோரம் நின்று, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாளை வேண்டினேன். "தாயே, என் தங்கச்சியக் காப்பாத்து. இந்தப் புள்ளைக்கு அம்மா வேணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நான் செஞ்சது யாருக்கும் தெரியாமப் பாத்துக்க தாயே" என்றும் கேட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு நர்ஸ் நின்றாள். தமிழ்ப் பெண், நெற்றியில் கீற்றாகத் திருநீறு. பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்று அவனை வாங்கினாள். வாங்கியவள் துண்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, துண்டுல சாம்பிராணி வாசம் அடிக்குது. கரி போட்டீங்களா?"

நான் குமரேசன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ரூம அடச்சு வச்சுப் போட்டீங்களா? சொல்லுங்கக்கா. திட்ட மாட்டேன். சொன்னாத்தான் வைத்தியம் பாக்க முடியும்."

குமரேசன் பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை வருடம் நான் கும்பிட்ட தாய் நேரில் வந்து கேட்பதாகவே பட்டது. "போட்டேம்மா. ஜன்னல், கதவு எல்லாம் அடச்சுட்டேன். கரிச்சட்டி கட்டிலுக்கு அடியில இருந்துச்சு" என்றேன். அவள் ஓடினாள். செருப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உடனே தேவிக்கு முகமூடி மாட்டி முழு ஆக்சிஜன் திறந்துவிட்டார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அந்த விஷம்தான். ஆக்சிஜன்தான் அதற்கு மருந்து, நல்லவேளை இப்போதாவது சொன்னீர்கள் என்றார் டாக்டர். பிள்ளைக்கும் பார்த்தார்கள். அம்மாள் புண்ணியத்தில் அவனுக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம் தேவி கண் விழித்து, "பாப்பா பால் குடிச்சானாக்கா?" என்று கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

குமரேசன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா" என்று மட்டும் சொன்னார். நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப்போனேன்.

வீட்டுக்கு வந்ததும் அலாரத்தைக் கழற்றினேன். பதினொரு வருடச் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். அந்த வெள்ளைச் சீட்டில் எழுத்து தெரிந்தது. எந்த வருடத்துக்குள் இதை மாற்ற வேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். அந்த வருடம் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

மறுவாரம் அதைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் என் அதிகாரியிடம் காட்டி, நடந்ததையும் சொன்னேன். பொத்தானை அழுத்தினால் சத்தமும் பேட்டரியும் சரியா என்று மட்டும்தான் தெரியும், புகையையும் வாயுவையும் உணர்கிற பாகம் உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லாது என்றார் அவர். புகை அலாரத்துக்குச் சாதாரணமாகப் பத்து வருடம்தான் ஆயுசு. கார்பன் மோனாக்சைடு அலாரம் சிலது அதற்கும் முன்னாலேயே போய்விடும். பேட்டரி மாற்றியும் கீச்சிட்டால், என்னை மாற்று என்று அது கெஞ்சுகிறதாம். அது கெஞ்சியபோதெல்லாம் நான் வாயை அடைத்திருக்கிறேன்.

இப்போது என் வீட்டில் இரண்டு புது அலாரங்கள் இருக்கின்றன. மாற்ற வேண்டிய வருடத்தைச் சுவரிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஆயுத பூசைக்குப் பொட்டு உண்டு, ஆனால் சுவரில், அலாரத்தின் மேல் இல்லை. சாம்பிராணி கூடத்தில், கதவு ஜன்னலைத் திறந்து வைத்துத்தான். முடிந்ததும் கரிச்சட்டி வாசலுக்குப் போய்விடும். புந்தோங்கில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நான் போகிறேன். வாழ்த்திவிட்டு, ஏறி அலாரத்தின் வருடத்தைப் பார்க்க நாற்காலி கேட்கிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அம்மாளிடம் நான் இரண்டு கேட்டேன். முதலாவதைக் கொடுப்பதற்காக அவள் இரண்டாவதை மறுத்துவிட்டாள். என் குற்றம் தெரிந்ததால்தான் என் தங்கை பிழைத்தாள். அதனால்தான் இன்று உங்கள் எல்லாரிடமும் அதை நானே சொல்கிறேன். தாயை நம்பிக் கேளுங்கள், கைவிடமாட்டாள். மறைக்க மட்டும் உதவி கேட்காதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு நாற்காலி போட்டு ஏறிப் பாருங்கள். பொட்டு வைத்திருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.