பூண்டு தொங்கும் பங்களா

போன வாரக் கட்டுரை கைக்கு வந்ததும் ஆசிரியர் அதை ஜன்னலோரம் காயப்போட்டாராம். அப்புறம்தான் படித்தாராம். 'உம்முடைய எழுத்தில் காரம் உண்டு, தெரியும்... பூண்டு எப்போது சேர்ந்தது?' என்று ஒரு கார்டு போட்டிருக்கிறார்.

அவருக்குச் சொல்லும் பதிலை உங்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் வீடு வாங்கிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் விலாசங்கள் தெரியும் – சத்திரம், லாரி ஷெட், ரயில்வே பிளாட்பாரம், கொஞ்ச காலம் சர்க்கஸ் கூடாரம். ஆறாம் வகுப்புப் பாதியில் கிளம்பியவன் நான். இருட்டுகிற இடத்தில் படுப்பேன். மழை வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

குறை என் மனைவி கமலத்துக்கு. கல்யாணமான நாளாக என்னோடு ஊர் ஊராக ஒண்டுக்குடித்தனம் இருந்தவள், இந்தத் தை மாதம் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு பழனியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை.

"உள்ள இருந்து தாழ்ப்பா போட்டுக்கிற மாதிரி, நமக்குன்னு ஒரு கதவு வாங்குங்க. அப்புறம் கூப்பிடுங்க, வர்றேன்" என்றாள்.

"வாங்கலேன்னா?"

"லெட்டர் போடுங்க. நல்லாத்தான எழுதுறீங்க."

ஊரில் அப்பா விட்டுப்போன மானாவாரி நிலத்தை விற்றேன். தரகர் குருசாமியைப் பிடித்தேன். கொடைக்கானல் ஏரிக்கு மேலே, பூம்பாறை போகிற வழியில், சரிவில் ஒரு பழைய ஓட்டு பங்களா. மூன்று ஏக்கர் நிலம். சீமைக்குக் கப்பலேறப்போகும் துரைசானி ஒருத்தி விற்கிறாள் என்றார்.

நான் போனது ஆடியில். சீசனில் வருகிறவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்புவான். ஆடியில் வருகிறவனுக்கு எதுவுமே தெரியாது. அவன்தான் வாங்குவான்.

"ஏரி எங்க?" என்றேன். எதிரே வெள்ளையாகப் பனி.

"இந்தா, கீழதான் கெடக்கு சார். பனி வெலகுச்சுன்னா உங்க மடியில வந்து விழுகும்."

"மூணு ஏக்கர்?"

"அதுவும் அங்கதான் கெடக்கு. எங்க போகப்போகுது?"

பஸ் ஸ்டாண்டிலிருந்து சாரலில் நடந்தே ஏறியதில் எனக்கு நல்ல ஜலதோஷம். கதையே இந்த மூக்கில்தான் இருக்கிறது.

உள்ளே போனேன். தோட்டக்காரர் சூசை விளக்கைத் தூக்கிக் காட்டினார். உத்தரம் முழுக்க, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் பூண்டுக் கொத்து. தோரணம் கட்டின மாதிரி அழகாகத்தான் இருந்தது.

"இந்தத் தோட்டத்துல நான் போடுற வெதைப் பூண்டுங்கய்யா. அதுபாட்டுக்குக் கெடக்கும்" என்றார்.

துரைசானி கைக்குட்டையை மூக்கைவிட்டு எடுக்கவே இல்லை. பாவம், இத்தனை வருஷம் வாழ்ந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று நினைத்தேன். ஆறுதல்கூடச் சொன்னேன்.

பத்திரம் பதிவான மறு வாரம் ஜலதோஷம் விட்டது. நான் எதை வாங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வீடு வாங்குகிறவர்கள் பட்டா பார்ப்பார்கள், மனையடி பார்ப்பார்கள், தண்ணீர் பார்ப்பார்கள். மோந்து பார்க்கச் சொல்லி யாராவது சொல்கிறார்களா?

எனக்கு ஒன்றுமில்லை. இதைவிட மோசமான வாசனையில் தூங்கியிருக்கிறேன். ஆனால் கமலம்? பழனிக் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற குடும்பம் அவளுடையது. வெங்காயமும் பூண்டும் வாசற்படி தாண்டாத வீடு. சந்தையில் பூண்டு மூட்டையைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். அவள் வெள்ளிக்கிழமை வருவதாக எழுதிவிட்டாள்.

சூசையிடம் போனேன். "அந்தப் பூண்டை எறக்கிரலாமா?"

வீட்டுக் கூரையையே இறக்கச் சொன்ன மாதிரி பார்த்தார்.

"எறக்குனா வெதையாகாதுங்கய்யா. மாசியில கட்டுனது. அடுப்புப் பொகையிலயே தொங்கி, ஐப்பசி மழைக்குத்தான் எறங்கணும். வீடு கைமாறலாம், வெதை எடம் மாறக்கூடாது. இந்த மலையில அப்படித்தான்."

"வேற யார் வீட்டுலயாவது தொங்கவிட்டா?"

"அங்க அவுக வெதை தொங்குதே..."

பத்திரம் என் பேரில்தான். இறக்கு என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவருடைய வரப்போகும் போகம் போய்விடும். பட்டினி கிடந்தவனுக்கு இதற்குச் சட்டம் பார்க்கத் தெரியாது. அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கமலம் வந்தாள். பங்களாவைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. வாசலுக்கு ஐந்தாறு அடி முன்னாலேயே நின்றாள். முந்தானை மூக்குக்குப் போனது. துக்கம் என்று இந்த முறை நான் நினைக்கவில்லை.

உள்ளே எட்டி உத்தரத்தைப் பார்த்தாள்.

"சாயங்காலம் பழனிக்கு பஸ் உண்டா?" என்றாள்.

"உண்டு" என்றேன்.

சூசை பக்கத்தில் வந்து நின்றார். விதை, புகை, ஐப்பசி எல்லாவற்றையும் அவளிடம் ஒரு தடவை சொன்னார். கடைசியில், "அம்மாவுக்கு ஆகலேன்னா எறக்கிர்றேன். உங்க வீடு" என்றார். குரல் இறங்கிவிட்டது.

கமலம் உத்தரத்தை விட்டுக் கதவைப் பார்த்தாள். என் பக்கம் கையை நீட்டினாள். "சாவி?"

கொடுத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம். திறந்தாள். மறுபடி சாத்தினாள். மறுபடி தாழ்ப்பாள். நானும் சூசையும் சாரலில் நின்றோம்.

கதவைத் திறந்துகொண்டு வந்து சூசையிடம் சொன்னாள்: "ஐப்பசியில பூண்டு போயிரும். கதவு போகாதுல்ல? கெடக்கட்டும்."

இப்போது புரட்டாசி. பூண்டு இன்னும் தொங்குகிறது. அதற்குத் தினம் புகை வேண்டுமே... கமலம்தான் அடுப்பு மூட்டுகிறாள். பூண்டு சேராத சமையலின் புகையில் சூசையின் விதைப் பூண்டு பதமாகிறது. நன்றாகக் காய்ந்த விறகை வைத்துவிட்டேனாம், புகை போதாது என்று நேற்று என்னைத் திட்டினாள்.

ஏரியை இரண்டு தடவை பார்த்துவிட்டோம். தரகர் பொய் சொல்லவில்லை.

எனக்குத்தான் கால் அரித்தது. போன வாரம் பழனியில் ஒரு சோலி என்று சொல்லிக் கிளம்பி, இரண்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்பினேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

இத்தனை வருஷத்தில் எந்தச் சத்திரத்திலும் என்னை இப்படிக் கேட்டதில்லை.