ஒடுங்கிய டெண்டர்

நீராவி என்ஜினைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லைதான். பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டிக்கு டெண்டர் என்று பெயர் என்பதே என் கணவர் சொல்லித்தான் தெரியும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் செய்த கருஞ்சிவப்பு என்ஜின் நிற்கிறது, ஒன்றரைச் சாண் நீளம். டிரைவர் நிற்கும் கூண்டு அகலமானது. டெண்டரோ இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கி, வேறு ஏதோ என்ஜினுடையதைக் கொண்டுவந்து மாட்டியதுபோல் தெரியும். துடைக்கும்போதெல்லாம் என் விரல் அந்த இடத்தில் ஒருமுறை நின்றுவிடுகிறது.

2004 என்று நினைவு. அமெரிக்காவில் காப்பெல் என்ற ஊரில் எங்கள் கராஜில் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, பழைய இங்கிலாந்துப் புகைப்படம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து அதைச் செய்தார். மாடல் ரயில் கண்காட்சியில் அதை வைக்க வேண்டும் என்பதுதான் அந்த வருடம் அவருக்கிருந்த ஒரே ஆசை. கண்காட்சிக்கு முந்தைய வாரம் அவருடைய ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்தார்கள். எல்லோரும் என்ஜினியர்கள், மனைவிமார் உட்பட. நான் சமோசாத் தட்டோடு கராஜுக்குள் நுழைந்தபோது ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “என்ன பாய், மேட்சே ஆகலையே! ஜோடிப் பொருத்தம் பாக்காமலேயே கோத்துட்டீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். “பணிமனையில எது ரெடியோ அதை மாட்டி அனுப்பிடுவாங்க. நம்ம கண்ணுக்குத்தான் வித்தியாசம். அது பாட்டுக்கு ஓடும்” என்று அவரும் சிரித்தார். அங்கே படிக்காத மனைவி நான் ஒருத்திதான்; எனக்குக் காது சுட்டது. சமோசாவை யாருக்கும் நீட்டாமல் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர்கள் கிளம்பியதும், “மச்சான், அதை மாத்திடுங்க. பாக்குறவங்க சிரிக்கிறாங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்தார். “சரி” என்றார். அகலமான டெண்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

கண்காட்சியில் மதிப்பெண் போட வந்த வெள்ளைக்காரப் பெரியவர் என்ஜினின் எண்ணைப் படித்துவிட்டு டெண்டரை நோக்கி விரலை நீட்டினார். இந்த என்ஜின் ஒடுங்கிய டெண்டரோடு அல்லவா ஓடியது என்று கேட்டார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். இவர், “என் தப்புதான்” என்று மட்டும் சொன்னார். பெரியவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். கூட வந்திருந்த அதே நண்பர், “இவ்ளோ ரிசர்ச் பண்ணி இதுல போய் கோட்டை விட்டுட்டீங்களே பாய்!” என்று தோளைத் தட்டினார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மாற்றச் சொன்னவள் நான்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில், “அதுதான் சரின்னு எங்கிட்ட ஏன் சொல்லலை?” என்று கேட்டேன்.

“நீ டெண்டரை மட்டும் மாத்தச் சொல்லியிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார், சாலையைப் பார்த்தபடியே.

அவர் இறந்து இத்தனை வருடமாகியும் காரில் அவர் சொன்ன அந்த வார்த்தையை நினைத்தால் அன்றைக்குச் சுட்ட காது இன்றும் சுடுகிறது. இப்போது அந்த நண்பர்மேல் கோபமில்லை.

கண்காட்சிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அகலமான டெண்டரைக் கழற்றிவிட்டு, பழையதை மாட்டினார். பிறகு சாயா கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.